மௌனித்த சுருள்

ஓசூர் சிப்காட் வளாகத்தைச் சுற்றியுள்ள தெருக்களில் நடந்து செல்வோர், காயில் கட்டும் கடை ஒன்றையேனும் காணாமல் கடந்துவிட முடியாது. வாசலில் எரிந்துபோன மோட்டார்கள் அடுக்கப்பட்டிருக்கும். உள்ளே வார்னிஷ் மணம் வீசும். கருகிய கம்பியை உருவி எறிந்துவிட்டுப் புதிய எனாமல் கம்பியை ஒருவர் பொறுமையோடு சுற்றிக்கொண்டிருப்பார். ஆழ்குழாய்க் கிணற்று மோட்டாரானாலும், ஆலையில் ஓடும் பெரிய மோட்டாரானாலும், வீட்டு மின்விசிறியானாலும், உயிர் போனபின் அது வந்துசேரும் இடம் இதுவே.

அத்தகைய கடை ஒன்றில் நாமும் சில பிற்பகல்களைக் கழிக்க நேர்ந்தது. நம் பங்கைச் சேர்ந்த இளைஞர் ஒருவர், ஆலையில் ஷிப்டு வேலை பார்ப்பவர், தம் பாட்டனாரின் பழைய மின்கிதாரை நம்மிடம் கொண்டுவந்தார். பாட்டனார் கோலார் தங்கவயலில் பணிபுரிந்தவர். ஓய்வு நாள்களில் அங்குள்ள மன்றங்களில் கிதார் வாசித்தவர். அவர் மறைந்து ஆண்டுகள் பல ஆகிவிட்டன. கிதாரில் பிக்கப் எனப்படும் ஒலிவாங்கிகள் இரண்டு உண்டு. ஒன்று இன்னும் பேசியது, மற்றது மௌனித்துவிட்டது. "இரண்டையும் கழற்றி எறிந்துவிட்டுப் புதியவற்றைப் பூட்டு" என்பது பெங்களூர் நண்பர்கள் அவருக்குக் கூறிய அறிவுரை. அவருக்கோ மனம் ஒப்பவில்லை. பாட்டனார் வாசித்த அந்தப் பழைய ராக்கபில்லி ஒலியே தமக்கு வேண்டும் என்றார். நமக்கு மின்னியல் தெரியாது. வரலாற்றில் சிறிது நாட்டமுண்டு. எனவே அந்த ஒலி எங்கே பிறந்தது, எவ்வாறு இப்பக்கம் வந்தது என்று தேடத் தொடங்கினோம். அத்தேடலில் அறிந்தவற்றை வாசகர்களோடு பகிர்ந்துகொள்கிறோம்.

காந்தப்புலம் மாறும்போது அருகிலுள்ள கம்பிச்சுருளில் மின்னோட்டம் தோன்றும் என்பதை மைக்கேல் பாரடே 1831-ஆம் ஆண்டில் கண்டறிந்தார். அந்த உண்மை கிதாருக்கு வந்துசேர ஒரு நூற்றாண்டு பிடித்தது. 1930-களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சலிஸ் நகரில் ஜார்ஜ் பீச்சம் என்பவர், குதிரைலாட வடிவக் காந்தங்களுக்கு நடுவே கம்பிச்சுருளை வைத்து, அதன்மேல் எஃகுத் தந்திகள் செல்லுமாறு ஒரு கருவியை அமைத்தார். ரிக்கன்பேக்கரோடு இணைந்து அவர் விற்பனைக்குக் கொண்டுவந்த அந்தக் கிதாரை, அதன் தோற்றம் கருதி, வாணலி என்றே மக்கள் அழைத்தனர்.

இதன் இயக்கம் எளியது. காந்தம் எஃகுத் தந்தியையும் சிறிது காந்தமாக்குகிறது. தந்தி அதிரும்போது புலம் அசைகிறது. சுருளில் மெல்லிய மின்னோட்டம் பிறக்கிறது. ஒலிபெருக்கி அதை ஒலியாக்குகிறது. 1946-இல் கிப்சன் நிறுவனம் வெளியிட்ட பி-90 என்னும் பிக்கப்பில் ஏறத்தாழ 10,000 சுற்றுகள் உண்டு. கம்பியின் தடிப்பு 0.063 மில்லிமீட்டர்; தலைமுடியை ஒத்தது. அவிழ்த்து நீட்டினால் ஒன்றரைக் கிலோமீட்டர் நீளும் செம்பு, உள்ளங்கையில் அடங்கும் ஒரு பெட்டிக்குள் உறங்குகிறது. சுற்றுகளைக் கூட்டினால் ஒலி வலுக்கும்; ஆனால் உச்சத்து ஒலிகள் மங்கும். குறைத்தால் ஒலி மெலியும்; ஆனால் தெளியும். ஒன்றைப் பெறுவதற்கு மற்றொன்றை விட்டுக்கொடுத்தே ஆகவேண்டும்.

ராக்கபில்லி என்னும் சொல்லே ஒரு கலப்பு. ராக் என்பதோடு, அமெரிக்கத் தென்மாநிலங்களின் மலைப்புறத்து ஏழை வெள்ளையரை இகழ்ந்து குறித்த ஹில்பில்லி என்னும் சொல்லும் சேர்ந்து பிறந்தது அது. அதன் வேரில் கறுப்பின மக்களின் புளூஸ் இசையும் ஆலயப் பாடல்களும் உள்ளன. நற்செய்திப் பாடல்களை மின்கிதாரோடு பாடிய சகோதரி ரோசெட்டா தார்ப் 1944-இலேயே பதிவு செய்த இசையில் பின்னர் வரவிருந்த துள்ளல் அனைத்தும் கேட்கிறது. 1954 ஜூலை 5 அன்று மெம்பிஸ் நகரில் சாம் பிலிப்சின் சிறிய ஒலிப்பதிவுக் கூடத்தில் எல்விஸ் பிரெஸ்லி பாட, ஸ்காட்டி மூர் கிதார் வாசித்தார். அவர் கையிலிருந்த கிப்சன் கிதாரில் இருந்தவை பி-90 பிக்கப்கள். நாடாவில் பதிந்த ஒலி ஒரு கணம் பிந்தி எதிரொலிக்கும் முறையும் அக்கூடத்தில்தான் புகழ்பெற்றது.

அக்காலத்து ஒலியை நாடுவோர்முன் இன்றும் மூன்று வழிகள் உள்ளன. முதலாவது, மேற்சொன்ன பி-90. தடித்த, சற்றே கரகரத்த குரல். இரண்டாவது, ஹாரி டியார்மண்ட் வடிவமைத்த டைனசோனிக்; கிரெட்ச் கிதார்களில் 1950-களின் நடுவில் இடம்பெற்றது. அதன் கணீர் என்ற தெளிவு மணியோசையை நினைவூட்டும். இவ்விரண்டும் ஒற்றைச் சுருள் கொண்டவை. சுற்றுப்புறத்து மின்கம்பிகளின் இரைச்சலையும் அவை வாங்கிக்கொள்ளும். நம் நாட்டில் அது நொடிக்கு ஐம்பது அதிர்வுகள் கொண்ட ரீங்காரம். மோட்டார்கள் சூழ்ந்த ஓசூரில் அதைச் சொல்லவே வேண்டா. இக்குறையை நீக்க, எதிரெதிர்த் திசையில் இயங்கும் இரட்டைச் சுருள்களைச் சேத் லவர் கிப்சனுக்காக 1955-இல் உருவாக்கினார். அதே காலத்தில் ரே பட்ஸ் தனியே உருவாக்கிய பில்டர்ட்ரான் 1957 முதல் கிரெட்ச் கிதார்களில் ஏறியது. அது மூன்றாவது வழி. 1980-களில் ராக்கபில்லியை மீண்டும் உலகறியச் செய்த பிரையன் செட்சரின் 1959-ஆம் ஆண்டுக் கிதாரில் இருப்பது அதுவே.

இவற்றுள் எது சிறந்தது என்று கேட்பது முறையன்று. இருபத்தொரு வயதில் 1960-இல் விபத்தில் மாண்ட எட்டி காக்ரன், தம் கிரெட்ச் கிதாரின் கழுத்தருகே இருந்த டைனசோனிக்கை எடுத்துவிட்டுப் பி-90 ஒன்றைப் பொருத்தினார். பாலத்தருகே இருந்ததை அப்படியே விட்டுவைத்தார். தமக்கு வேண்டிய ஒலி எதுவென அறிந்து தேர்ந்தார் அவர். தேர்வு என்பது செவியில் தொடங்க வேண்டும், கடையில் அன்று.

இந்த இசை தமிழ்ச் செவிகளுக்கு அந்நியமாக இருந்ததில்லை. 1950-களில் இலங்கை வானொலியின் வர்த்தக ஒலிபரப்பு மேற்கத்தியப் பாடல்களை நம் வீடுகளுக்குக் கொண்டுவந்தது. தூத்துக்குடிக் கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்த ஜே. பி. சந்திரபாபு (1927–1974) திரையில் குரலை உடைத்து உடைத்துப் பாடிய யோடலிங் முறையை வாசகர்கள் மறந்திருக்கமாட்டார்கள். ராக்கபில்லியின் மூதாதையருள் ஒருவரான ஜிம்மி ரோட்ஜர்ஸ் 1920-களில் அமெரிக்காவில் பரப்பிய முறையும் அதுவே. கிருஷ்ணகிரிக்கு வடக்கே எல்லைக்கு அப்பாலுள்ள கோலார் தங்கவயலிலோ, ஆங்கிலோ-இந்தியரும் தமிழ்த் தொழிலாளரும் அருகருகே வாழ்ந்தனர். சிவசமுத்திரத்தில் காவிரி நீரால் எடுத்த மின்சாரம் 1902-இலேயே அவ்வூருக்கு வந்துவிட்டது. சுரங்கத்திற்கென வந்த மின்சாரம் பிற்காலத்தில் மன்றத்துக் கிதாரையும் பேசவைத்தது. 2001-இல் சுரங்கம் மூடப்பட்டது. ஆடல் மன்றங்கள் ஓய்ந்தன. பிள்ளைகளில் பலர் பிழைப்புத் தேடிப் பெங்களூருக்கும் ஓசூருக்கும் சென்றனர். நம் இளைஞரின் குடும்பமும் அவ்வாறு வந்ததே.

மின்சாரம் இசையைக் கெடுத்துவிட்டது என்று வருந்துவோர்க்கு ஒன்று கூறுவோம். சென்னையில் வாழ்ந்து 2014-இல் மறைந்த மாண்டலின் ஸ்ரீநிவாஸ் கர்நாடக இசையை மின் மாண்டலினில்தான் வாசித்தார். மரத்தாலான மாண்டலினில் நாதம் எழுந்தவுடன் அடங்கிவிடும், கமகம் நிலைக்காது. பிக்கப்பின் துணையால் நாதம் நீண்டது; கமகம் உயிர்பெற்றது. கருவியிலுள்ள சுருள் ஒரு மரபை அழிக்கவும் கூடும்; அதற்கு வாய்திறந்து கொடுக்கவும் கூடும். வைத்திருப்பவர் கையில் உள்ளது அது.

பழைய சுருள்களை இன்று உலகம் தேடுவதன் காரணத்தையும் நோக்குவோம். கலிபோர்னியாவின் பெண்டர் ஆலையில் 1956-இல் சேர்ந்த அபிகெயில் இபார்ரா போன்ற பெண்கள், சுழலும் சட்டத்தின்மேல் கம்பியை விரலால் வழிநடத்திச் சுற்றினர். விரல் வழிநடத்தும்போது கம்பி வரிசைபிசகிப் பரவும். அச்சிறு ஒழுங்கின்மை ஒலிக்குத் திறந்த தன்மை அளிக்கிறது என்பர் வல்லுநர். கிப்சன் ஆலையின் 1950-களின் பிற்பகுதிச் சுருள்களிலும் சுற்றுகளின் எண்ணிக்கை ஒன்றுபோல் இருப்பதில்லை. சட்டம் நிறைந்தது எனக் கண் கூறியபோது கை நின்றது. எனவே ஒவ்வொரு பழைய சுருளும், அதைச் சுற்றிய கையின் ஆவணம் ஆகும். அவிழ்த்துவிட்டால் அந்த ஆவணம் திரும்பி வராது.

காயில் கட்டுபவரின் மேசைக்கு நாம் சென்றபோது இவ்வுண்மையை அவரிடம் எடுத்துரைக்க எண்ணியிருந்தோம். அதற்குத் தேவை ஏற்படவில்லை. இரண்டையும் புதிதாக, சுற்றுக் கூட்டிக் கட்டினால் ஒலி வலுக்குமே என்று இளைஞர் கேட்டார். "தம்பி, பேசுறதைத் தொடாதே. பேசாததை மட்டும் பார்ப்போம்" என்றார் அவர். முப்பது ஆண்டு மோட்டார்களோடு வாழ்ந்தவரின் வரலாற்றறிவு அது.

மௌனித்த பிக்கப்பை மல்டிமீட்டர் கொண்டு சோதித்தார், சுற்று அறுந்திருந்தது. வெளி முனையில் மட்டும் அறுந்திருந்தால் பற்றவைத்தே காப்பாற்றியிருக்கலாம். ஆனால் உட்புறத்தில் பச்சைக் களிம்பேறிக் கம்பி இற்றுப்போயிருந்தது. அவிழ்க்கும்போதே துண்டு துண்டாக உதிர்ந்ததால் சுற்றுகளை எண்ணவும் இயலவில்லை. அப்போது பேசும் சுருள் மௌனித்த சுருளுக்கு ஆசிரியராயிற்று. அதன் மின்தடை 7.6 கிலோ ஓம். உதிர்ந்த கம்பியின் தடிப்பை இளைஞர் மைக்ரோமீட்டரால் அளந்தார். தடிப்பும் தடையும் தெரிந்தால் நீளம் தெரியும். ஏறத்தாழ 1,400 மீட்டர். நீளம் தெரிந்தால் சுற்றுகளும் தெரியும்.

முதல் முயற்சியில் தவறு நம்முடையதே. அமெரிக்க நூல்களில் 42-ஆம் எண் கம்பி என்று படித்து, அந்த எண்ணைக் கூறியே கடையில் வாங்கிவந்தோம். நாலாயிரம் சுற்று முடிவதற்குள் சட்டம் நிறைந்துவிட்டது. நம் நாட்டுக் கடைகளில் வழங்குவது ஆங்கிலேயர் அளவை. அதில் 42 என்பது 0.1 மில்லிமீட்டர் தடிப்பு. அமெரிக்க 42-க்கு நெருங்கியது ஆங்கிலேய 46. ஒரே எண், இரு அளவைகள். எண்ணைப் படித்த நாம், அது எந்த மண்ணின் எண் என்று கேட்க மறந்தோம்.

இரண்டாம் முறை அவர் மின்விசிறிக் காயில் இயந்திரத்தையே, எண்காட்டியோடு, மெதுவாக ஓடவிட்டார். மோட்டார்க் கம்பியை இழுப்பதுபோல் இழுத்தால் இது அறுந்துவிடும். எனவே துணித்துண்டுக்கு நடுவே விரலால் மெல்லப் பிடித்தார். சுற்றும் திசையையும், காந்தத்தின் முனையைத் திசைகாட்டியால் பார்த்து, முன்பே குறித்துக்கொண்டார். திசை தவறினால் இரு பிக்கப்களும் சேர்ந்து ஒலிக்கும்போது ஒன்றையொன்று மறுத்து நாதம் மெலிந்துபோகும். தளர்ந்த சுற்றுகள் கீச்சிடாதிருக்க மெழுகில் தோய்க்க வேண்டும் என்றபோது, நம் ஆலயத்தில் எரிந்து மிஞ்சிய திரித்துண்டுகளைக் கொண்டுபோய்க் கொடுத்தோம். அறுபது பாகைச் சூட்டைத் தாண்டவிடாமல் உருக்கினார்.

ஓசூரில் 1980-களில் எழுந்த டைட்டன் ஆலையின் குவார்ட்ஸ் கைக்கடிகாரங்களிலும் தலைமுடியினும் மெல்லிய செம்புச் சுருள் ஒன்று நொடிமுள்ளை நகர்த்துகிறது. பெரிய மோட்டார் முதல் சிறிய கடிகாரம் வரை சுருள்களால் வாழும் ஊர் இது. இத்தனை சுருள்களுக்கு நடுவே ஒரு பாட்டனாரின் சுருளுக்கும் அன்று இடம் கிடைத்தது.

வேலை முடிந்த மாலை, இளைஞர் தம் இல்லத்தில் கிதாரை மீட்டினார். மூலையில் அமர்ந்திருந்த பாட்டியார் நெடுநேரம் கேட்டார். பின்னர், "அவரு வாசிச்ச மாதிரியே இல்ல கண்ணு. ஆனா பக்கத்துல வந்துட்டே" என்றார்.

வரலாறு எழுதுவோர்க்கும் பழையதைப் பழுதுபார்ப்போர்க்கும் இதனினும் நேர்மையான தீர்ப்பு கிட்டுமென நாம் கருதவில்லை. சென்ற காலத்தை அப்படியே மீட்க எவராலும் இயலாது. பேசுவதைத் தொடாமல் காப்பதும், மௌனித்ததைப் பொறுமையோடு எண்ணிச் சுற்றுவதும், அருகே சென்று நிற்பதும் நமக்கு இயலும். உதிர்ந்த பழைய கம்பியை அந்த இளைஞர் எறியவில்லை. சிறு கண்ணாடிக் குப்பியில் இட்டுப் பாட்டனாரின் படத்தருகே வைத்திருக்கிறார்.