சிறைக்கோட்டமும் அறக்கோட்டமும்

காவிரிப்பூம்பட்டினத்தில் சிறைக்கோட்டம் ஒன்று அறக்கோட்டமாயிற்று என்று மணிமேகலை கூறுகிறது. காப்பியக் கதையை அப்படியே வரலாறாகக் கொள்ள வேண்டுவதில்லை. எனினும் குற்றவாளிக்கும் பசியுண்டு என்று கண்டவர் சாத்தனார். பசித்தவனையே குற்றவாளியாக்கும் சட்டங்கள் நமக்கு வெகு பிற்காலத்தில் வந்து சேர்ந்தவை.

தஞ்சை மராத்தியர் காலத்துச் சத்திரங்களை எண்ணிப் பார்க்கலாம். 1801இல் இரண்டாம் சரபோஜி கும்பினியின் ரெசிடெண்டுக்கு எழுதிய கடிதத்தில், எல்லாச் சாதியினர்க்கும் சத்திரங்களில் சோறிடப்படுவதைக் குறிப்பிடுகிறார்; ஜோகியர், ஜங்கமர், பைராகியர் ஆகிய நாடோடித் துறவியரும் அப்பட்டியலில் உண்டு. அடுத்த ஆண்டே ஒரத்தநாட்டில் முக்தாம்பாள் சத்திரம் எழுந்தது. வந்தவன் எவ்வூரான், உழைப்பவனா சோம்பேறியா என்று வாயிலில் நின்று கேட்பது அறமாகக் கருதப்படவில்லை.

அதே சரபோஜியைப் பாட்டுடைத் தலைவனாக்கிக் கொட்டையூர் சிவக்கொழுந்து தேசிகர் இயற்றிய சரபேந்திர பூபாலக் குறவஞ்சி பெரிய கோயிலில் ஆடப்பட்டது. குறி சொல்லிப் பரிசில் பெறும் குறத்திக்கு அதில் எத்துணைப் பெருமிதம்! நூறாண்டு கழியுமுன் காட்சி மாறியது. வடக்கே 1871இல் பிறந்த குற்றப்பரம்பரைச் சட்டம் 1911இல் சென்னை மாகாணத்துக்கும் விரிந்தது; குறவர் குழுக்கள் பல அதன் பதிவேட்டில் ஏறின. அலைந்து வாழ்வோரின் குருதியிலேயே குற்றம் ஊறியிருக்கிறது என்பது அச்சட்டத்தின் அடிப்படை. சென்னையில் அருங்காட்சியகத் தலைவராயிருந்த தர்ஸ்டன் மக்களின் மூக்கையும் மண்டையையும் அளந்து குறித்துக்கொண்டிருந்த காலமும் அதுவே. 1947இல் மாகாணம் அச்சட்டத்தை நீக்கியது. ஏட்டிலிருந்து போயிற்று, நாவிலிருந்து போகவில்லை. ‘பிறவிப் பிச்சைக்காரர்’, ‘உழைக்க வளையாத இனம்’ என்னும் பேச்சுகள் அதன் எச்சமே.

பூம்பூம் மாட்டுக்காரரையே எடுத்துக்கொள்வோம். காளையைப் பழக்கி, அதன் கொம்புக்கும் முதுகுக்கும் ஒப்பனை செய்து, உறுமி முழங்க வீடுதோறும் வந்து நல்வாக்குச் சொல்வது அவர் தொழில். அறுவடைக் காலத்தில் ஒரு படி நெல்லும் பழந்துணியும் அதற்குக் கூலி. இது பிச்சையென்றால், திருவையாற்றுத் தெருக்களில் தியாகராஜர் பாடிக்கொண்டு அரிசி ஏற்றது யாது? அதை உஞ்சவிருத்தி என்கிறோம். ஆராதனை நாளில் இன்றும் அதை ஊர்வலமாக நடத்திப் போற்றுகிறோம். போற்றத்தக்கதே. ஏற்பவரின் பிறப்பை வைத்துச் செயலுக்குப் பெயர் மாற்றுவதுதான் இடிக்கிறது. நம் வட்டத்துக் கவிஞர்கள் இன்னும் ஒன்றை நினைக்க வேண்டும்: யாழும் கிணையுமாக ஊரூராய்ச் சென்று பரிசில் கேட்டவர்களே நம் கவிமரபின் முன்னோர்.

1945இல் சென்னை மாகாணம் பிச்சையெடுத்தலைத் தடுக்கச் சட்டம் செய்தது. பம்பாயின் 1959ஆம் ஆண்டுச் சட்டமோ பாடுதல், ஆடுதல், குறிசொல்லுதல் என்னும் பெயரில் பொருள் கேட்பதையும் பிச்சையென வரையறுத்தது. பாணனும் விறலியும் அகப்படும் வலை இது! தில்லிக்கு நீட்டிக்கப்பட்டிருந்த அச்சட்டத்தின் தண்டனைப் பிரிவுகளைத் தில்லி உயர்நீதிமன்றம் 2018 ஆகஸ்டில் செல்லாதனவாக்கியது.

நரிக்குறவர்க்கு நேர்ந்தது வேறு. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் அவர்தம் வேட்டைத் தொழிலைக் குற்றமாக்கியது. மாற்றுத் தொழிலுக்கு வழி செய்யாமலே, பேருந்து நிலையத்தில் பாசிமணி விற்கும் பெண்ணைப் பார்த்து ‘வேலை செய்தாலென்ன’ என்று கேட்கிறோம். கோத்து விற்பது வேலையில்லையோ?

2004 ஆழிப்பேரலைக்குப் பின் நாகைப் பகுதியில் பூம்பூம் மாட்டுக்காரர் குழந்தைகள் கையேந்தி நின்றனர். மாடு வைத்துப் பிழைக்கும் வழி அதற்கு முன்னரே நலிந்திருந்தது. நரிக்குறவரையும் குருவிக்காரரையும் தமிழ்நாட்டுப் பழங்குடியினர் பட்டியலில் சேர்க்கும் மசோதா 2022 டிசம்பரில் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. பூம்பூம் மாட்டுக்காரர் தம்மை ஆதியன் என்பர். பட்டியலில் அடியன் என்னும் பெயர் தலையிலேயே இருக்கிறது. ஈரெழுத்து வேறுபாடு நமக்கு அச்சுப்பிழை. அவர்கள் பிள்ளைக்கோ, கோட்டாட்சியர் அலுவலகத்தில் சான்றிதழ் கேட்டு நிற்கும்போது, அதுவே வழக்கு.