கொட்டியாரக்குடாவைத் தாண்டி வந்த பாட்டுகள்



நமது துறைமுகத்தில் குண்டு விழுந்த கதை ஊரில் எல்லோருக்கும் தெரியும். 1942 ஏப்ரல் 9ஆம் திகதி ஜப்பான் விமானங்கள் திருகோணமலையையும் சீனக்குடாவையும் தாக்கின. வகுப்பில் இதைச் சொல்லும்போது பிள்ளைகள் வாய் திறந்து கேட்பார்கள். அதே யுத்தம்தான் நம் வீடுகளுக்குப் பாட்டையும் கொண்டுவந்தது என்று சொன்னால் நம்பமாட்டார்கள்.

நடந்தது இதுதான். தென்கிழக்காசியாவில் போரிட்ட நேச நாட்டுப் படையினருக்காக இலங்கையில் சக்திவாய்ந்த ஒலிபரப்பு நிலையம் ஒன்றை வெள்ளைக்காரர்கள் நிறுவினார்கள். அதன் பெயர் ரேடியோ சியாக். யுத்தம் முடிந்த பிறகு, 1949இல் அது இலங்கை அரசின் கைக்கு வந்தது. அதுதான் பிறகு நாம் அறிந்த இலங்கை வானொலி. 1950இல் வர்த்தக சேவை ஆரம்பமானது. 1952இல் இந்தியாவில் அமைச்சராக வந்த கேஸ்கர் அகில இந்திய வானொலியில் சினிமாப் பாட்டுகளுக்குக் கட்டுப்பாடு போட்டார். இந்திய ரசிகர்களும் இலங்கைப் பக்கம் காதைத் திருப்பினார்கள். எஸ்.பி. மயில்வாகனத்தின் குரலைத் தமிழகத்தில் தெரியாதவர் இல்லை என்ற காலம் அது. அவருக்குப் பின் கே.எஸ். ராஜா, நம்மவர் பி.எச். அப்துல் ஹமீத். படையினருக்காக வந்த கருவி, வயலில் கதிர் அறுத்தவருக்கும் வலை இழுத்தவருக்கும் பாட்டுப் போட்டது.

உம்மாவின் வாப்பா டொக்யாட்டில் வேலை செய்தவர். 1957இல் பிரித்தானியர் கடற்படைத் தளத்தை ஒப்படைத்துவிட்டுப் போன பிறகும் அவரிடம் தங்கிப்போன ஒரு பழக்கம் ஆங்கிலப் பாட்டுக் கேட்பது. வர்த்தக சேவையில் ஜிம் ரீவ்ஸ் பாடினால் வீட்டில் ஒருவரும் பேசக்கூடாது. அமெரிக்கக் கிராமத்துப் பாட்டைத் தாழ்ந்த குரலில், சொல் சொல்லாகத் தெளிவாகப் பாடியவர் ஜிம் ரீவ்ஸ். அரைகுறை ஆங்கிலம் தெரிந்தவருக்கும் விளங்கும். 1964 ஜூலையில் விமான விபத்தில் இறந்துபோன அந்த மனிதரை, அவரது சொந்த நாட்டை விட இலங்கையர்தான் அதிகம் நினைத்திருக்கிறார்கள் என்று வாப்பா பகிடியாகச் சொல்வார்.

அதே வீட்டில் மூத்தம்மாவுக்கு ஜிம் ரீவ்ஸ் பிடிக்காது. அவருக்குக் கவிதான். மச்சிக்கும் மச்சானுக்கும் இடையில் போகிற நாலு வரிக் கவி. கதிர் அறுக்கையில், நெல்லுக் குத்துகையில், பிள்ளையை உறங்கவைக்கையில் வரும். பயணம் போனவன் திரும்பவில்லை, கட்டிக்கொள்ள வீட்டார் விடவில்லை, வானம் பெய்யவில்லை. வளர்ந்த பிறகு யோசித்துப் பார்த்தால், மூத்தாப்பா கேட்ட அமெரிக்கப் பாட்டிலும் இதே பிரிவு, இதே ஏக்கம்தான். கடலுக்கு அந்தப் பக்கமும் கிராமத்துச் சனத்தின் கவலை ஒன்றுதான் போலிருக்கிறது.

வாப்பாவின் தலைமுறைக்கு வேறு பாட்டு. 60களின் பிற்பகுதியிலும் 70களிலும் நம் நாட்டுத் தமிழ்ப் பொடியன்கள் கிற்றாரைக் கையில் எடுத்தார்கள். நித்தி கனகரத்தினத்தின் ‘சின்ன மாமியே’, ஏ.ஈ. மனோகரனின் ‘சுராங்கனி’. நம் திருகோணமலைச் சகோதரர்கள் பரமேஷ், கோணேஷ் ‘உனக்குத் தெரியுமா’ பாடினார்கள். இலங்கையில் வெளிவந்த ஆரம்பகாலத் தமிழ் இசைத்தட்டுகளில் அதுவும் ஒன்று. ‘சுராங்கனி’ பாக்குநீரிணையைக் கடந்து 1977இல் இளையராஜா இசையமைத்த ‘அவர் எனக்கே சொந்தம்’ படத்துக்குள்ளும் போய்விட்டது. இந்தப் பொப் பாட்டுகளுக்குள் ஓடும் பைலாத் தாளம் போர்த்துக்கேயர் காலத்திலிருந்து வந்தது. அவர்களின் வழிவந்த பறங்கியர் இன்றும் திருகோணமலையிலும் மட்டக்களப்பிலும் இருக்கிறார்கள். சிங்களவர், தமிழர், முஸ்லிம், பறங்கியர் எல்லோர் வீட்டுக் கலியாணத்திலும் அந்தத் தாளத்துக்குக் கால் ஆடியது.

ரமழான் வந்தால் அதே ரேடியோவில் முஸ்லிம் சேவை. நாகூர் ஹனிபாவின் குரல் எழும்போது பக்கத்து வீட்டுத் தமிழ் அம்மா தன் ரேடியோவின் சத்தத்தைக் கூட்டிவைப்பார் என்று உம்மா இப்போதும் சொல்வார். ‘பொங்கும் பூம்புனல்’ கேட்டபடி காலையில் மூதூர் இறங்குதுறைக்குப் போனால், லோஞ்சிலும் அதே நிகழ்ச்சி ஓடிக்கொண்டிருக்கும். இனம் மூன்றாகப் பிரிந்து கிடந்த மாவட்டத்தில் காது மட்டும் கொஞ்ச நேரம் ஒன்றாக இருந்தது.

2006 ஆகஸ்டில் மூதூரை விட்டுக் கந்தளாய்க்கு நாங்கள் நடந்தபோது வாப்பாவின் கசட் பெட்டி வீட்டிலேயே நின்றுவிட்டது. திரும்பி வந்தபோது இல்லை. அதற்கு முன் 2004 சுனாமி எத்தனையோ வீடுகளின் பெட்டிகளைக் கொண்டுபோயிருந்தது. கசட் போனால் பரவாயில்லை, மனோகரனும் ஹனிபாவும் இன்று கைத்தொலைபேசியில் கிடைக்கிறார்கள். மூத்தம்மாவின் கவி எங்கேயும் கிடைக்காது. அவர் மௌத்தானபோது அதுவும் அவரோடு போய்விட்டது.

இசைக்கருவி பற்றி உலமாக்களிடையே உள்ள கருத்து வேறுபாட்டில் தீர்ப்புச் சொல்ல எனக்குத் தகுதி இல்லை. ஆனால் ‘இதெல்லாம் ஜாஹிலிய்யத்’ என்று கவியையும் சேர்த்து ஒதுக்குகிறவர்களிடம் ஒரு வேண்டுகோள். கவிக்குக் கருவி கிடையாது, வாய்தான். ஒன்றைப் பாடுவது வேறு, நம் முன்னோர் பாடினார்கள் என்று எழுதிவைப்பது வேறு. நம் பெண்கள் தங்கள் பாட்டை எழுதிவைத்துவிட்டுப் போகவில்லை. அவர்களுடைய வயல், பசி, காதல், பிரிவு எல்லாம் அந்த நாலு வரிக்குள்தான் இருக்கின்றன. நிந்தவூர் எஸ். முத்துமீரான் அவர்கள் தேடித்தேடித் தொகுத்ததால்தான் தென்கிழக்கு முஸ்லிம்களின் கவிகள் பல இன்று புத்தகத்தில் இருக்கின்றன. மூதூர், கிண்ணியா, தோப்பூர், புல்மோட்டைக் கவிகளுக்கும் அப்படி நாலு பேர் வேண்டும்.

ஆகவே பெற்றோரே, பிள்ளைகளே, இந்த விடுமுறையில் உங்கள் மூத்தம்மாவுக்குப் பக்கத்தில் ஒரு மணித்தியாலம் உட்காருங்கள். கைத்தொலைபேசியில் பதியும் முன் அவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். யாரிடம் படித்தீர்கள், எந்த வயலில் பாடினீர்கள், அப்போது என்ன வயது என்று கேட்டு ஒரு கொப்பியிலும் எழுதிவையுங்கள். கூச்சப்பட்டால் வற்புறுத்த வேண்டாம், மறுநாள் போங்கள். ஒரு கவி கிடைத்தாலும் போதும்.

அல்லாஹ் நம் மூத்தவர்களுக்கு நீண்ட ஆயுளைத் தருவானாக.