தோட்டத்து டிரசரும் கிராமத்துத் தாதியும்

உடம்புக்கு முடியவில்லை என்றால் தாதியிடம் போவதா, டாக்டரிடம் போவதா என்று இன்று நாம் யோசிக்கிறோம். நம் பாட்டனார் காலத்து ரப்பர் தோட்டத்தில் அந்த யோசனைக்கே இடமில்லை. அங்கே இருந்தவர் டிரசர் ஒருவரே.

மலாயாவில் காடழித்துத் தோட்டம் போட்ட நாளில் மலேரியாக் காய்ச்சல் எண்ணற்ற தொழிலாளர்களைப் பலி கொண்டது. 1901-ஆம் ஆண்டில் டாக்டர் மால்கம் வாட்சன் கிள்ளானில் சதுப்பு நிலத்து நீரை வடியச் செய்து, கொசுவையும் காய்ச்சலையும் குறைத்துக் காட்டினார். தொழிலாளருக்கு மருத்துவ வசதி செய்து தரும் கடமையைச் சட்டம் தோட்ட முதலாளிகள் மீது சுமத்தியது. ஆனால் டாக்டர் பல தோட்டங்களுக்குப் பொதுவானவர். குறித்த நாளில் வந்து போவார். அன்றாடம் புண்ணுக்குக் கட்டுப் போட்டவரும் கொய்னா கொடுத்தவரும் டிரசரே. இவர்களைப் பதிவு செய்யத் தனிச்சட்டம் 1965-இல்தான் வந்தது.

டிரசரின் கையில் மருந்தோடு ஒரு சீட்டும் இருந்தது. விடியற்காலைப் பெரட்டுக்குப் போக முடியாதவருக்கு அவர் சீட்டுக் கொடுத்தால்தான் விடுப்பு. இல்லையென்றால் வேலைக்கு வராதவர் என்று பெயர் விழும். அவருக்குச் சம்பளம் கொடுத்ததோ தோட்ட நிருவாகம். எனவே நோயாளி அவரிடம் மனம் திறக்கத் தயங்கினார். நோயாளி சொல்வதை அவரும் முழுதும் நம்பவில்லை. எத்தனையோ டிரசர்கள் இரவு பகல் பாராமல் லயத்துக்கு ஓடி வந்தவர்கள்தாம். குறை அவர்கள் படிப்பில் இல்லை. அவர்கள் யாருக்குப் பதில் சொல்ல வேண்டியிருந்தது என்பதில்தான் இருந்தது.

தோட்டத்துக்கு வெளியே வேறொரு வழி பிறந்தது. 1950-களில் அரசாங்கம் கிராம சுகாதாரத் திட்டத்தைத் தொடங்கியது. ஏறத்தாழ 2,000 பேருக்கு ஒரு மருத்துவச்சி நிலையம். அதற்கு மேல் துணை நிலையம். 50,000 பேருக்கு டாக்டர் உள்ள தலைமை நிலையம். 1970-களில் இது இரண்டு படியாகச் சுருங்கியது. மருத்துவச்சியின் இடத்தில் கூடுதல் பயிற்சி பெற்ற கிராமத் தாதி வந்தார். தீபகற்பத்தில் 1957-இல் ஒரு லட்சம் பிறப்புக்குச் சுமார் 280 தாய்மார் இறந்தனர். 1970-இல் அது சுமார் 150 ஆகக் குறைந்தது. இதில் மருத்துவச்சிகளுக்கும் தாதியருக்கும் பெரும் பங்குண்டு.

பின்னாளில் கர்ப்பிணிகளின் அட்டையில் நிற அடையாளம் வந்தது. வெள்ளை என்றால் தாதியே பார்ப்பார். பச்சையும் மஞ்சளும் டாக்டர் பார்க்க வேண்டியவை. சிவப்பு என்றால் உடனே பெரிய ஆஸ்பத்திரி. எப்போது டாக்டரிடம் அனுப்ப வேண்டும் என்று அறிந்திருப்பதும் தாதியின் திறமைதான்.

ஆனால் தோட்டங்கள் தனியார் நிலம். அரசாங்கத் தாதியின் சைக்கிள் நம் லயத்து வாசலுக்கு எளிதில் வரவில்லை. அந்த இழப்பை நம்மவர் நெடுநாள் சுமந்தனர்.

தோட்டப் பள்ளி ஆசிரியர்களாகிய நாங்கள் இன்றும் ஒன்றைக் காண்கிறோம். "டாக்டர் இல்லையே" என்று சொல்லிப் பக்கத்துக் கிளினிக்கை விட்டுவிட்டு, பிள்ளையின் காய்ச்சலோடு இரண்டு நாள் காத்திருக்கும் பெற்றோர் உண்டு. பெற்றோரே, தாதியிடம் முதலில் போங்கள். ஒன்றையும் மறைக்காமல் சொல்லுங்கள். இன்று அவர் கையில் பெரட்டுச் சீட்டு இல்லை.