பெரியாறும் ஹைட்ரயோட்டஸும்: செவ்வாயின் குழம்பிய நிலத்தில் பெயர்களின் அடுக்குகள்

செவ்வாயின் சாந்தே டெர்ரா மேட்டுநிலத்திலுள்ள சில நிலவடிவங்களுக்குக் கேரளத்தோடு தொடர்புடைய பெயர்களைச் சூட்டப் பன்னாட்டு வானியல் ஒன்றியம் 2025இல் ஒப்புதல் அளித்தது. முன்மொழிவு, திருவனந்தபுரம் மாவட்டம் வலியமலையில் அமைந்த இந்திய விண்வெளி அறிவியல் தொழில்நுட்ப நிறுவனத்தின் ஆய்விலிருந்து பிறந்தது. வர்க்கலா, தும்பா, பேக்கல், வலியமலா ஆகியவை இப்போது மோதலால் உண்டான பள்ளங்கள். பெரியாறு ஒரு வறண்ட நீர்த்தடம். பெரும்பள்ளம் ஒன்று, இந்திய நிலவியல் ஆய்வுத் துறையின் முதல் இந்திய இயக்குநரான மகாராஜபுரம் சீதாராமன் கிருஷ்ணனின் பெயரைப் பெற்றது.

இச்செய்தி ஊர்களுக்குக் கிடைத்த பெருமையாகவே பேசப்பட்டது. ஒன்றியத்தின் விதி வேறு சொல்கிறது. பெரிய பள்ளங்களுக்கு மறைந்த அறிவியலாளர், எழுத்தாளர் பெயர்கள். சிறியவற்றுக்கு ஏறத்தாழ ஒரு லட்சத்துக்கு மேற்படாத மக்கள்தொகை கொண்ட ஊர்ப்பெயர்கள். இரண்டாவது வகை வெறும் பெயர்க் களஞ்சியம்; எந்த ஊரையும் சிறப்பிக்கும் நோக்கம் அதில் இல்லை என்று விதியே தெளிவாக்குகிறது. அதன் விளைவுகளும் வேடிக்கையானவை. ‘பெரிய மலை’ என்று பொருள்படும் வலியமலா, செவ்வாயில் ஒரு குழியின் பெயர். ‘ஆறு’ என்பதை ஏற்கெனவே உள்ளடக்கிய பெரியாற்றுடன், பள்ளத்தாக்கைக் குறிக்கும் ‘வாலிஸ்’ என்னும் இலத்தீன் சொல்லும் ஒட்டிக்கொண்டது.

ஆயினும் இந்தியப் பெயர்கள் அங்குச் செல்வது இதுவே முதன்முறை அன்று. சாந்தே டெர்ராவின் தெற்கிலும் கிழக்கிலும் கங்கையின் பெயரிலும், ஹைட்ரயோட்டஸ், ஹைடஸ்பிஸ் என்னும் பெயர்களிலும் நிலப்பகுதிகள் உள்ளன. ஹைட்ரயோட்டஸ் என்பது ராவி. ஹைடஸ்பிஸ் என்பது ஜீலம். அலெக்சாந்தரின் படையெடுப்பை எழுதிய கிரேக்கர் ‘இராவதி’யைக் கேட்டபோது, தம் மொழியில் நீரைக் குறிக்கும் ‘ஹைடோர்’ என்ற சொல்லின் சாயலில் அதை ஒலித்துக்கொண்டனர். 1877 முதல் செவ்வாயை வரைந்த இத்தாலிய வானியலாளர் ஷியாபரெல்லி, பண்டைய ஐரோப்பிய நூல்களின் புவியியலிலிருந்து பெயர்களை எடுத்தார். எனவே பஞ்சாபின் ஆறுகள் அக்கோளை அடைந்தது கிரேக்க உடையில். பெரியாற்றுக்கும் அத்தகைய வாய்ப்பு இருந்தது. தாலமி குறிப்பிடும் ‘சூடோஸ்டோமோஸ்’ அதுவே என ஆய்வாளர் பலர் கொள்வர். அவ்வழியே சென்றிருந்தால் சங்க இலக்கியத்தின் பேரியாற்றை அங்கு யாரும் அடையாளம் காண இயலாது.

ஹைட்ரயோட்டஸ் என்னும் பெயருக்குப் பின்னால் நிற்கும் ‘கேயாஸ்’ என்ற பொதுக்கூறும் கவனத்துக்குரியது. 1969இல் மாரினர் 6, 7 விண்கலங்கள் அனுப்பிய படங்களில், நிலம் திடீரெனத் தாழ்ந்து, பாறைத் துண்டங்கள் தாறுமாறாகக் கிடக்கும் பரப்புகள் தென்பட்டன. ராபர்ட் ஷார்ப் முதலிய நிலவியலாளர்கள் 1971இல் அவற்றைக் குழம்பிய நிலம் என வகைப்படுத்தினர். நிலத்தடி நீரோ பனியோ பெருவெள்ளமாக வெளியேற, தாங்குதல் இழந்த மேற்பரப்பு உடைந்து அமிழ்ந்தது என்பதே பெரிதும் ஏற்கப்படும் விளக்கம். கிரேக்கத்தில் ‘கேயாஸ்’ என்னும் சொல் முதலில் குழப்பத்தைக் குறிக்கவில்லை. வாய் பிளந்த வெறுமையைக் குறித்தது. ஒழுங்கற்ற குவியல் என்ற பொருள் பிற்காலத்தில், குறிப்பாக ரோமானியக் கவி ஓவிட் வழியே வேரூன்றியது. கண்ணுக்குத் தெரியும் குவியலைக் கண்டு பெயரிட்டவர்கள், அடியிலிருந்த வெறுமையையும் அறியாமலே சொல்லிவிட்டனர். தமிழில் இதனைக் ‘குழம்பிய நிலம்’ என்று மட்டும் பெயர்த்தால் பாதிப் பொருள் போய்விடும். ‘இடிநிலம்’ போன்ற ஒன்று உண்மைக்கு நெருக்கமானது.

இப்பகுதியின் மற்றொரு பண்பு அடுக்குப் பாறை. அரம் கேயாஸ் போன்ற இடங்களில், உடைந்த நிலத்தின் மீது பின்னர் படிந்த வெளிறிய அடுக்குகளில் சல்ஃபேட் கனிமங்களும் ஹேமடைட்டும் காணப்படுகின்றன. அடுக்குகளைப் பார்க்கத் திருவனந்தபுரத்தார் தொலைவு செல்ல வேண்டியதில்லை. வர்க்கலாக் கடற்கரையின் செங்குத்து முகத்தில் மணற்கல்லும் களிமண்ணும் பழுப்பு நிலக்கரியும் மாறிமாறிக் கிடக்க, உச்சியில் செம்பாறை மூடியிருக்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் திருவிதாங்கூரை ஆராய்ந்த வில்லியம் கிங், இவ்வடுக்குகளுக்கு ஊரின் பெயரையே சூட்டினார். ‘வர்க்கலி’ என்ற அவ்வடிவம் இன்றும் நிலவியலில் வழங்குகிறது. செம்பாறையின் கதை நேரெதிர். 1807இல் மலபார் குறித்து எழுதிய புக்கானன், மக்கள் அதைச் செங்கற்கல் என்ற பொருளில் அழைப்பதைக் கேட்டறிந்தும், இலத்தீனிலிருந்து ‘லேட்டரைட்’ என்ற சொல்லை ஆக்கினார். பொருள் அதுவேதான், மக்கள் சொல் மட்டும் நின்றுவிட்டது.

2004இல் ஆப்பர்ச்சுனிட்டி ஊர்தி செவ்வாயின் மெரிடியானி சமவெளியில் ஜரோசைட் என்ற கனிமத்தைக் கண்டது. அமிலத்தன்மை மிக்க நீர் இருந்ததற்கு அது சான்று. அதே கனிமம் வர்க்கலி அடுக்குகளின் களிமண்ணிலும் உண்டு. செவ்வாயோடு ஒப்பிடும் நோக்கில் அதனை ஆராய்ந்த கட்டுரை 2016இல் வெளிவந்தது. ஆகவே வர்க்கலா, களஞ்சியத்திலிருந்து கண்மூடி எடுத்த பெயர் அன்று. ஒன்றியத்தின் பெயர்ப் பட்டியலோ இத்தகைய பள்ளங்களுக்கு ஊர், நாடு என்பவற்றைத் தாண்டி விளக்கம் தருவதில்லை.