வங்கிப் படிவத்தில் ஒரு கேள்வி

கொழும்பிலோ யாழ்ப்பாணத்திலோ ஒரு வங்கியில் புதுக்கணக்குத் திறக்கப் போயிருக்கிறீர்களா? பெயர், அடையாள அட்டை இலக்கம், தொழில் எல்லாம் நிரப்பிக்கொண்டு போக, இடையில் ஒரு பகுதி வரும். நீங்கள் அமெரிக்கப் பிரஜையா? அமெரிக்காவில் பிறந்தவரா? அங்கே முகவரி ஏதும் இருக்கிறதா? 'இல்லை' எண்டு அடையாளம் போட்டுவிட்டு நாங்கள் அடுத்த பக்கத்துக்குப் போய்விடுவோம். எங்கட ஊர் வங்கிக்கு, ஆர் அமெரிக்காவில பிறந்தால் என்ன? அந்தக் கேள்விக்குப் பின்னால் 160 வருஷத்துக்கும் மேலான ஒரு கதை இருக்கிறது.

முதலில் ஒரு அடிப்படையைப் பார்ப்போம். உலகின் ஏறக்குறைய எல்லா நாடுகளும் ஒருவர் எங்கே வசிக்கிறார் என்பதைப் பார்த்தே வருமான வரி அறவிடுகின்றன. இலங்கையும் அப்படித்தான். லண்டனில் குடியேறி அங்கேயே உழைக்கிற ஒருவர், கையில் இலங்கைக் கடவுச்சீட்டு வைத்திருந்தாலும், அந்தச் சம்பளத்துக்கு இங்கே வரி கட்டுவதில்லை. அமெரிக்காவின் கணக்கு வேறு. அமெரிக்கப் பிரஜை டோக்கியோவில் இருந்தாலென்ன, திருகோணமலையில் இருந்தாலென்ன, குறித்த தொகைக்கு மேல் வருமானம் இருந்தால் அதை வருஷா வருஷம் அமெரிக்க இறைவரித் திணைக்களத்துக்குக் காட்ட வேண்டும்.

இந்த வழக்கம் ஒரு போரில் பிறந்தது. 1861இல் உள்நாட்டுப் போர் தொடங்கியதும் வட மாநிலங்களின் அரசுக்குக் காசு தேவைப்பட்டது. அந்த வருஷம் வந்த முதலாவது வருமான வரிச் சட்டம், உள்ளூரில் இருந்தவர்களுக்கு 3 வீதம் விதித்தது. வெளிநாட்டில் வசித்த பிரஜைகளுக்கு, அமெரிக்காவில் இருந்த அவர்களின் சொத்திலிருந்து வந்த வருமானத்துக்கு 5 வீதம். அதில் கோபமும் கலந்திருந்தது. நாடு போரில் கிடக்கும்போது பாரிஸ் மாதிரி நகரங்களில் போய் இருந்துகொண்டு, சொந்த நாட்டுச் சொத்தில் சுகம் காணுகிற பணக்காரர் சும்மா தப்பிவிடக்கூடாது எண்ட கோபம். 1864இல் அவர்களின் மற்ற வருமானங்களும் வலைக்குள் வந்தன. போர் முடிந்தது, 1872இல் அந்த வரியும் ஒழிந்தது. ஆனால் 1913இல் வருமான வரி திரும்பி வந்தபோது, 'உள்நாட்டில் வசித்தாலும் வெளிநாட்டில் வசித்தாலும்' எண்ட பழைய எண்ணமும் அதோடு சேர்ந்து வந்தது.

இது நியாயமா எண்டு நீதிமன்றத்தில் கேட்டவர் ஜோர்ஜ் குக். மெக்சிக்கோ நகரில் நிரந்தரமாக வாழ்ந்த அமெரிக்கர். அவருடைய சொத்தும் மெக்சிக்கோவில், வருமானமும் மெக்சிக்கோவில். வரியின் முதல் தவணையாக 298.34 டொலரை எதிர்ப்புத் தெரிவித்துக் கட்டிவிட்டு, திருப்பித் தரச் சொல்லி வழக்குப் போட்டார். 1924இல் அமெரிக்க உயர் நீதிமன்றம் அவருக்கு எதிராகத் தீர்ப்புச் சொன்னது. பிரஜை எங்கே இருந்தாலும் அரசாங்கத்தால் அவருக்கு நன்மை உண்டு, ஆகவே வரி விதிக்கும் உரிமையும் அரசாங்கத்துக்கு உண்டு என்பதுதான் நீதிமன்றத்தின் வாதம். நூறு வருஷம் கடந்தும் அந்தத் தீர்ப்பு அசையவில்லை.

உண்மையைச் சொன்னால், காசு விஷயத்தில் இந்தச் சட்டம் அவ்வளவு கொடுமையானதில்லை. வெளிநாட்டில் கட்டிய வரியைக் கழிக்கிற வசதி 1918இலும், வெளிநாட்டு உழைப்பு வருமானத்துக்கான விலக்கு 1926இலும் வந்துவிட்டன. அதனால் வெளிநாட்டில் வாழும் அமெரிக்கர் பலருக்குக் கடைசியில் கட்ட வேண்டிய வரி பூச்சியம். ஆனால் பூச்சியம் எண்டு காட்டவும் படிவம் நிரப்பத்தான் வேண்டும். பிறகு வந்த பிரச்சினையெல்லாம் படிவத்தில் தொடங்கியதுதான்.

1970இல் கறுப்புப் பணத்தைத் தடுக்கவென்று வங்கி இரகசியச் சட்டம் வந்தது. இன்று நடைமுறையில் இருக்கிற விதி இதுதான். வெளிநாட்டுக் கணக்குகள் எல்லாவற்றிலும் உள்ள மொத்தத் தொகை வருஷத்தில் ஒரு நாளாவது 10,000 டொலரைத் தாண்டினால், தனி அறிக்கை அனுப்ப வேண்டும். எங்கட காசில் ஏறக்குறைய 30 இலட்சம் ரூபா. நியூ ஜேர்சியில் பிரஜாவுரிமை எடுத்த ஒருவர் யாழ்ப்பாணத்தில் அம்மாவோடு சேர்த்து வைத்திருக்கிற கூட்டுக் கணக்கும் இதற்குள் வரும். காசு தன்னுடையதாக இல்லாமல் கையெழுத்துப் போடும் அதிகாரம் மட்டும் இருந்தாலும் வரும். ஊர்ச் சங்கத்தின்ர பொருளாளரை யோசித்துப் பாருங்கள்.

பல வருஷமாக இந்த விதியை ஆரும் பெரிதாகக் கவனிக்கவில்லை. 2009இல் நிலைமை மாறியது. பணக்கார அமெரிக்கர் காசை ஒளிக்க உதவியதற்காக யூபிஎஸ் எனும் சுவிஸ் வங்கி 780 மில்லியன் டொலர் கட்டச் சம்மதித்தது. அடுத்த வருஷம் அமெரிக்கக் காங்கிரஸ் 'ஃபட்கா' என்ற சட்டத்தை நிறைவேற்றியது. உலகத்தில் உள்ள நிதி நிறுவனங்கள் தங்களிடம் உள்ள அமெரிக்கர்களின் கணக்கு விபரத்தைத் தர வேண்டும். தராவிட்டால், அமெரிக்காவிலிருந்து அந்த நிறுவனத்துக்கு வரும் கொடுப்பனவுகளில் 30 வீதம் வெட்டப்படும். டொலர் இல்லாமல் எந்த வங்கி நடக்கும்? எங்கட வங்கிப் படிவத்தில் அந்தக் கேள்வி வந்த வழி இதுதான்.

சுவிஸ் வங்கியில் ஒளித்தவர்களுக்காக விரித்த வலையில் அகப்பட்டவர்கள் ஆர்? அமெரிக்க மண்ணில் பிறந்தாலே பிரஜை என்பது 1868ஆம் ஆண்டின் 14ஆவது அரசியலமைப்புத் திருத்தம் தந்த உரிமை. அடிமைகளாக இருந்தவர்களின் பிள்ளைகளுக்கு உறுதியான குடியுரிமை தந்த மகத்தான விதி அது. அதே விதியால், பெற்றோர் அங்கே படிக்கப் போன காலத்தில் பிறந்து, கைக்குழந்தையாகத் திரும்பி வந்தவர்களும் அமெரிக்கர்களே. ஐரோப்பாவில் சில வங்கிகள், கரைச்சல் வேண்டாம் எண்டு இப்படியானவர்களுக்குக் கணக்கே மறுத்தன. நியூயோர்க்கில் பிறந்து சின்ன வயதிலேயே வெளியேறிய பொரிஸ் ஜோன்சனிடம், லண்டனில் அவர் விற்ற வீட்டுக்கு அமெரிக்கா வரி கேட்டது. ஆத்திரப்பட்டார், பிறகு கட்டினார், 2016இல் அமெரிக்கக் குடியுரிமையைத் துறந்தார். அவரால் சட்டத்தரணி வைக்க முடிந்தது.

ருமேனியாவில் பிறந்த அலெக்சாண்ட்ரு பிட்னர் 1980களில் அமெரிக்கப் பிரஜையாகி, கம்யூனிச ஆட்சி விழுந்த பிறகு 1990இல் ஊர் திரும்பி வியாபாரத்தில் வளர்ந்தவர். இந்த அறிக்கை அனுப்பும் கடமை தனக்குத் தெரியாது என்றார். 5 வருஷ அறிக்கைகளில் 272 கணக்குப் பதிவுகள் விடுபட்டிருந்தன. வேண்டுமென்று செய்ததாக அரசு சொல்லவில்லை. ஆனாலும் பதிவொன்றுக்கு 10,000 வீதம் 27.2 இலட்சம் டொலர் தண்டம் கேட்டது. 2023இல் உயர் நீதிமன்றம் ஐந்துக்கு நான்கு என்ற பெரும்பான்மையில், அறிக்கைக்குத்தான் தண்டம், கணக்குக்கு இல்லை என்று தீர்த்தது. தொகை 50,000 டொலராக இறங்கியது. ஒரு நீதியரசர் மாறி யோசித்திருந்தால்?

வெளிநாட்டில் வாழும் பிரஜைகளிடம் வரி கேட்கிற இன்னொரு நாடு எரித்திரியா. அது வருமானத்தில் 2 வீதம் கேட்கிறது. அதை வசூலிக்க மிரட்டலைப் பயன்படுத்துவதை நிறுத்தச் சொல்லி ஐ.நா. பாதுகாப்புச் சபை 2011இல் தீர்மானம் போட்டது. அமெரிக்காவும் ஆதரவாக வாக்களித்தது. 2013இல் கனடா, ரொறன்ரோவிலிருந்த எரித்திரியத் தூதரக அதிகாரியை இந்த வசூலுக்காகவே வெளியேற்றியது. அமெரிக்காவுக்கு ஆள் வைத்து மிரட்டத் தேவையில்லை. வங்கிகளே அதன் வேலையைச் செய்து கொடுக்கின்றன.

குடியுரிமையை ஒரு பாதுகாப்பாகவே பார்த்துப் பழகியவர்கள் நாங்கள். கடவுச்சீட்டுக்காக எங்கட சனம் எத்தனை எல்லை கடந்தது எண்டு எல்லாருக்கும் தெரியும். ஆனால் அது ஒரு கடன் பத்திரமும்தான். பாரிஸில் சொகுசாக இருந்த பணக்காரருக்கு எழுதிய விதி, அம்மாவோடு கூட்டுக் கணக்கு வைத்திருக்கிற பிள்ளையின் கதவையும் இன்று தட்டுகிறது. உங்களுக்குத் தெரிந்த ஆராவது அங்கே பிறந்தோ, பிரஜாவுரிமை எடுத்தோ இருந்தால், இந்தக் கதையை அவரிடமும் சொல்லுங்கள். பிட்னருக்கு அது 2011இல்தான் தெரிய வந்தது.