முதலில் படித்தவர் என்ன செய்தார்?

சினிமா படிக்கப் போகிறேன் என்று வீட்டில் சொன்னால் என்ன கேள்வி வரும் என்பது உங்களுக்குத் தெரியும். "அதைப் படிச்சு என்ன செய்யப் போறாய்?"

இதைப் பழைய தலைமுறையின் பயம் என்று தள்ளிவிட என்னால் முடியாது. வந்த நாட்டில் மொழி தெரியாமல், கிடைத்த வேலையைச் செய்து பிள்ளைகளை வளர்த்தவர்கள் கேட்கும் கேள்வி அது. அதற்கு நேர்மையான பதில் சொல்ல வேண்டும். நான் படித்தது பொறியியல், செய்வது ஐடி வேலை. சினிமா எடுப்பது பற்றி உங்களுக்குச் சொல்லித்தர என்னிடம் எதுவும் இல்லை. ஆனால் வரலாறு வாசிப்பேன். அப்படி வாசித்தபோது, இதே கேள்விக்குத் தன் வாழ்க்கையாலேயே பதில் சொன்ன ஒருவரைக் கண்டேன். அவர் பெயர் போலான் சுமானு வியேரா.

1925இல் போர்ட்டோ நோவோ நகரில் பிறந்தவர். இன்று அது பெனின் நாட்டில் இருக்கிறது. அன்று தகோமி என்ற பிரெஞ்சுக் குடியேற்ற நாடு. 10 வயதில் அவரைப் படிப்பதற்காகப் பிரான்ஸுக்கு அனுப்பினார்கள். அங்கேயே வளர்ந்தார். 1950களின் தொடக்கத்தில் பாரிஸில் 'இதெக்' என்ற திரைப்படக் கல்லூரியில் சேர்ந்தார். மார்செல் லெர்பியே என்ற இயக்குநர் 1943இல், ஜெர்மன் ஆக்கிரமிப்பு நடந்துகொண்டிருந்தபோதே நிறுவிய கல்லூரி அது. இன்று 'ல ஃபெமிஸ்' என்று பெயர் மாறியிருக்கிறது. சகாராவுக்குத் தெற்கேயுள்ள ஆப்பிரிக்காவிலிருந்து அங்கே படித்துப் பட்டம் பெற்ற முதல் ஆள் வியேரா.

நம் வீடுகளில் முதல் பட்டதாரி என்றால் ஒரு பெருமை உண்டு. வியேராவுக்கும் அந்தப் பெருமை கிடைத்தது. கூடவே ஒரு தடையும் காத்திருந்தது. படித்த கலையைப் பிறந்த மண்ணில் செய்ய அவருக்கு அனுமதி இல்லை.

1934 மார்ச் 11 அன்று பிரெஞ்சு அரசு ஓர் ஆணை போட்டது. அப்போது குடியேற்ற நாடுகளுக்கான அமைச்சராக இருந்தவர் பியேர் லாவால். அதனால் அதை லாவால் ஆணை என்பார்கள். ஆப்பிரிக்கக் குடியேற்ற நாடுகளில் யார் படம் எடுக்க விரும்பினாலும் முதலில் ஆளுநரிடம் விண்ணப்பிக்க வேண்டும். கதை என்ன, எடுப்பவர் யார் என்று அரசு பார்க்கும். பிடிக்காவிட்டால் மறுக்கும். ஒலிப்பதிவுக்கும் இதே கட்டுப்பாடுதான்.

இந்த ஆணை காகிதத்தில் மட்டும் இருக்கவில்லை. அதே கல்லூரியில் படித்த ரெனே வோத்தியே என்ற பிரெஞ்சு இளைஞர் அதை நேரடியாகச் சந்தித்தார். பிரெஞ்சு மாணவர்களுக்குக் காட்டுவதற்காக மேற்கு ஆப்பிரிக்க வாழ்க்கையைப் படமெடுத்து வரும்படி ஒரு கல்வி அமைப்பு அவரை அனுப்பியது. போன இடத்தில் அவர் கண்டது கட்டாய உழைப்பையும் எரிக்கப்பட்ட ஊர்களையும். கண்டதை எடுத்தார். 'ஆப்பிரிக்கா 50' என்ற அந்தப் படம் பிரான்ஸில் 40 ஆண்டுகளுக்கு மேல் தடைசெய்யப்பட்டிருந்தது. வோத்தியேக்குச் சிறைத் தண்டனை கிடைத்தது. பிரெஞ்சுக்காரருக்கே இந்த நிலை என்றால், ஆப்பிரிக்க மாணவர் ஒருவருக்கு என்ன நடக்கும்?

வியேராவும் நண்பர்களும் வேறு வழி கண்டார்கள். மாமது சார், ழாக் மேலோ கான், ரொபேர் கரிஸ்தான் ஆகியோருடன் சேர்ந்து, 1955இல் தாங்கள் நின்றுகொண்டிருந்த இடத்தையே படமாக்கினார்கள். அதுதான் 'ஆஃப்ரிக் சூர் சேன்'. 'சேன் நதிக்கரையில் ஆப்பிரிக்கா' என்று சொல்லலாம். சுமார் 20 நிமிடக் கறுப்பு வெள்ளைப் படம். பாரிஸின் மாணவர் வட்டாரம், தெருக்கள், கஃபேக்கள், அங்கே நடமாடும் ஆப்பிரிக்க இளைஞர்கள். பாத்திரங்கள் பேசுவதில்லை, பின்னணிக் குரல் ஒன்று பேசுகிறது. ஆப்பிரிக்க சினிமாவின் வரலாற்றை எழுதுபவர்கள் பலர் இந்தப் படத்திலிருந்துதான் தொடங்குகிறார்கள்.

என்னை நிறுத்திய இடம் இதுதான். ஒரு கண்டத்தின் சினிமா வரலாறு அந்தக் கண்டத்துக்கு வெளியே, படிக்கப் போன மாணவர்களின் கையில் தொடங்குகிறது. ஊரைப் படமெடுக்க முடியாததால் வந்த படம். ஆனால் அதில் இருப்பது ஏக்கம் மட்டுமில்லை. அதுவரை பாரிஸ்காரர்கள் ஆப்பிரிக்கரைப் படமெடுத்தார்கள். இதில் ஆப்பிரிக்கர்கள் பாரிஸைப் படமெடுக்கிறார்கள். பார்ப்பவர் யார், பார்க்கப்படுபவர் யார் என்பது இடம் மாறிவிட்டது.

1960இல் மட்டும் ஆப்பிரிக்காவில் 17 நாடுகள் விடுதலை பெற்றன. லாவால் ஆணையின் காலம் முடிந்தது. இனி எடுக்கலாம்! ஆனால் எடுக்கத் தெரிந்தவர்கள் எத்தனை பேர்? இங்கேதான் இன்னொரு நகரம் கதைக்குள் வருகிறது. விடுதலை பெற்ற நாடுகளின் நட்பைத் தேடிய சோவியத் ஒன்றியம் அந்நாட்டு இளைஞர்களுக்கு உதவித்தொகை கொடுத்து மாஸ்கோவுக்கு அழைத்தது. உலகின் முதல் திரைப்படக் கல்லூரியான 'வ்கிக்' 1919 முதல் இயங்கிவந்த நகரம் அது. பனிப்போர்க் கணக்குகள் அதில் இருந்தன என்பது உண்மை. போன மாணவர்களுக்கும் ஒரு கணக்கு இருந்தது: யார் கற்பித்தாலும் கற்றுக்கொள்வது.

அப்படிப் போனவர்களில் ஒருவர் உஸ்மான் செம்பேன். செனகல்காரர். பிரான்ஸின் மார்செய் துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர். பிறகு நாவலாசிரியர் ஆனார். ஆனால் அவர் யாருக்காக எழுதினாரோ அவர்களில் பெரும்பாலோருக்கு வாசிக்கத் தெரியாது. அவர்களை எட்ட சினிமாதான் வழி என்று முடிவெடுத்து, 40 வயதை நெருங்கும்போது மாஸ்கோவின் கோர்க்கி ஸ்டுடியோவில் மாணவராகச் சேர்ந்தார். மார்க் தொன்ஸ்கோய் என்ற இயக்குநர் ஆசிரியர்.

அதே ஆசிரியரிடம், அதே காலத்தில் படித்த சாரா மல்தோரோரை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். அவர் நம்மைப் போல: பிரான்ஸில் பிறந்தவர், தந்தை கரீபியன் தீவான குவாதலூப்பைச் சேர்ந்தவர். கறுப்பின நடிகைக்கு வேலைக்காரி வேடம் மட்டுமே கிடைத்த காலத்தில், 1956இல் நண்பர்களோடு 'லே கிரியோ' என்ற நாடகக் குழுவைத் தொடங்கினார். பிறகுதான் மாஸ்கோ. 1972இல் அங்கோலாவின் விடுதலைப் போராட்டம் பற்றி 'சம்பிசாங்கா' என்ற படத்தை எடுத்தார். அங்கோலா அப்போது போர்த்துக்கீசர் கையில் இருந்ததால் பக்கத்து நாடான கொங்கோவில் படப்பிடிப்பு நடந்தது. கைதான கணவனைத் தேடி ஊர் ஊராக நடக்கும் ஒரு பெண்ணின் கதை அது. அந்த நடையை நம் அம்மாமாருக்கு விளக்கத் தேவையில்லை.

செம்பேன் ஊர் திரும்பி, 1963இல் 'போரோம் சரே' எடுத்தார். தகார் நகரில் குதிரை வண்டி ஓட்டும் ஒருவரின் ஒரு நாள். பணக்காரப் பகுதிக்குள் போனதற்காகப் பொலிஸ்காரர் வண்டியைப் பறித்துக்கொள்கிறார். 1966இல் 'லா நுவார் தெ...'. பிரெஞ்சுக் குடும்பமொன்று பிள்ளை பார்க்க என்று அழைத்துப்போய் வீட்டு வேலைக்காரியாக்கிய செனகல் பெண்ணின் கதை. 1968இல் 'மந்தாபி'. இதில் மக்கள் தங்கள் வொலோஃப் மொழியிலேயே பேசினார்கள்.

பெயர் நிலைத்தது செம்பேனுக்கு. ஆப்பிரிக்க சினிமாவின் தந்தை என்கிறார்கள். சரி, முதலில் படித்த வியேரா எங்கே போனார்?

பொறியியலில் ஒரு பழக்கம் உண்டு. ஓர் அமைப்பு ஓடாவிட்டால், எந்த இடத்தில் அடைபட்டிருக்கிறது என்று ஒவ்வொரு கட்டமாகப் பார்ப்போம். 1960களின் ஆப்பிரிக்க சினிமாவை அப்படிப் பார்த்தால் படம் தெளிவாகிறது. எடுக்கத் தெரிந்தவர்கள் வந்துவிட்டார்கள். ஆனால் எடுத்த ஃபிலிமைக் கழுவ அங்கே லேப் இல்லை. பாரிஸுக்கு அனுப்ப வேண்டும். பணம் பெரும்பாலும் பிரெஞ்சு அரசின் ஓர் அலுவலகத்திலிருந்து வந்தது. கதையை ஏற்பதும் மறுப்பதும் அவர்கள் விருப்பம். மேற்கு ஆப்பிரிக்கத் திரையரங்குகளுக்குப் படம் கொடுத்தவை இரண்டு பிரெஞ்சு நிறுவனங்கள். சொந்த நாட்டில் எடுத்த படத்தைச் சொந்த நாட்டு அரங்கில் காட்டுவதே கடினம். ஆணை போய்விட்டது, அடைப்பு போகவில்லை. கல்லூரி திறந்துவிட்டது ஒரே ஒரு கதவை.

வியேரா மற்றக் கதவுகளுக்குப் போனார். பிறந்த தகோமிக்குத் திரும்பாமல் செனகலில் குடியேறி, அந்த நாட்டின் செய்திப்படப் பிரிவைப் பொறுப்பேற்று நடத்தினார். புதிய நாடு தன் முகத்தைத் திரையில் பார்க்கத் தொடங்கியது. செம்பேனின் பல படங்களுக்குத் தயாரிப்பு நிர்வாகியாக இருந்தார். ஆள், வண்டி, பணம், அனுமதி எல்லாவற்றையும் ஒழுங்கு செய்யும் அந்த வேலை திரையில் ஒரு வரிப் பெயராக வந்து போகும். ஆப்பிரிக்கத் திரைப்படக் கலைஞர்களின் கூட்டமைப்பை நிறுவியவர்களில் ஒருவரானார். 1975இல், 1973 வரையிலான ஆப்பிரிக்க சினிமாவின் வரலாற்றைப் புத்தகமாக எழுதினார். செம்பேன் 'செத்தோ' படத்தை எடுத்தபோது அந்தப் படப்பிடிப்பையே ஓர் ஆவணப்படமாக்கினார். அதனால்தான் செம்பேன் எப்படி வேலை செய்தார் என்று இன்று நம்மால் பார்க்க முடிகிறது.

சொந்தப் படங்களும் எடுத்தார். செனகலின் மல்யுத்தம் பற்றிய 'லாம்ப்' என்ற குறும்படம் 1963இல் வந்தது. ஆனால் கதைப்படம் என்று முழு நீளத்தில் அவர் எடுத்தது ஒன்றே ஒன்றுதான், அதுவும் 1981இல். 1987இல் இறந்தார். தகுதி இருந்தும் பின்னால் நின்றவர் என்று இரக்கப்படுவதா? எனக்கு அப்படித் தோன்றவில்லை. தனக்குப் பின்னால் வருபவர்கள் தன்னைப் போலத் தடுமாறக்கூடாது என்று பாதை போட்டவர் அவர். அந்தப் பாதையில் பலர் நடந்தார்கள். மாலி நாட்டின் சுலைமான் சிசே 1960களில் மாஸ்கோவில் படித்தார். அவருடைய 'யீலென்' 1987இல் கான் விழாவில் நடுவர் பரிசு பெற்றது. அப்தெர்ரஹ்மான் சிசாகோ 1980களில் அதே மாஸ்கோவில் படித்தார். அவர் தன் 'விளையாட்டு' என்ற பட்டப்படிப்புப் படத்தில் மொரித்தானியாவின் பாலைவனத்துக்குப் பதிலாகத் துர்க்மெனிஸ்தானின் பாலைவனத்தைக் காட்டினார். அடுத்து வந்த 'அக்டோபர்' படத்தில் வேறு நாட்டை வைத்து ஊரைக் காட்டவில்லை. மாஸ்கோவின் பனியில் வாழும் ஆப்பிரிக்க மாணவன் ஒருவனையும் அவன் காதலிக்கும் ரஷ்யப் பெண்ணையும் காட்டினார். வியேரா பாரிஸில் செய்த அதே வேலை, ஏறக்குறைய 40 ஆண்டுகளுக்குப் பிறகு.

நமக்கும் இப்படி ஒருவர் இருந்தார். மட்டக்களப்பு அமிர்தகழியில் பிறந்த பாலு மகேந்திரா கடல் கடந்து இந்தியா போய், புனே திரைப்படக் கல்லூரியில் ஒளிப்பதிவு படித்து 1969இல் முடித்தார். அவர் படங்களை உங்கள் பெற்றோர் பார்த்திருப்பார்கள். கடைசிக் காலத்தில் அவர் சென்னையில் 'சினிமா பட்டறை' என்ற பயிற்சிப் பள்ளியை நடத்தினார். தன் 'வீடு', 'சந்தியா ராகம்' படங்களின் நெகட்டிவ்கள்கூட மிஞ்சவில்லை என்று வருந்தி, தமிழ்ப் படங்களுக்கு ஓர் ஆவணக் காப்பகம் வேண்டும் என்று திரும்பத் திரும்பக் கேட்டார். வியேராவின் கவலையும் இதேதான்: எடுத்தால் போதாது, காப்பாற்ற ஆள் வேண்டும்.

ஆகவே, "படிச்சு என்ன செய்யப் போறாய்" என்று வீட்டில் கேட்டால், "இயக்குநர் ஆவேன்" என்பது மட்டும் பதிலாக இருக்கத் தேவையில்லை. புலம்பெயர்ந்த வீடுகளில் 1980களிலிருந்து சேர்ந்த வீடியோக் கசெட்டுகள் பழுதாகிக்கொண்டிருக்கின்றன. கலியாண வீடு, அரங்கேற்றம், ஊர்வலம், விமான நிலையத்தில் அழுகை எல்லாம் அவற்றில் இருக்கின்றன. அவற்றைக் காப்பாற்றும் தொழில்நுட்பத்தைப் பல்கலைக்கழகத்தில் பாடமாகவே படிக்கலாம். தயாரிப்பு படிக்கலாம். விநியோகம் படிக்கலாம். நம் படங்களைப் பற்றி ஒழுங்காக ஒரு வரலாறு எழுதலாம். இந்த இடங்களில் ஆள் இல்லாததால்தான் எடுக்கும் சில படங்களும் ஒரு காட்சியோடு மறைந்துபோகின்றன.

படம் எடுக்கவே விரும்புகிறீர்களா? எடுங்கள். ஊருக்குப் போய்த்தான் எடுக்க வேண்டும் என்று காத்திருக்க வேண்டாம். நீங்கள் நிற்கும் பேருந்துத் தரிப்பிடம், அப்பா இரவு வேலை முடிந்து வரும் தெரு, பக்கத்து வீட்டு சோமாலியக் குடும்பம், இவையும் நம் கதைதான். 1955இல் பாரிஸில் நான்கு பேர் இந்த அளவு கைமுதலோடுதான் தொடங்கினார்கள். அவர்களுக்கு இல்லாத ஒன்று உங்களிடம் இருக்கிறது: உங்கள் தெருவைப் படமெடுக்க நீங்கள் எந்த ஆளுநருக்கும் விண்ணப்பம் எழுத வேண்டியதில்லை.