கோட்டிங்கனின் குறிப்பேடு

கல்லூரிக் கருத்தரங்குகளில் ஆய்வுக்கட்டுரை வாசிக்கும் நடைமுறையை நாம் அனைவரும் அறிவோம். தலைப்பைத் தேர்ந்து, முந்தைய இரவு கண்விழித்து எழுதி, பதினைந்து நிமிடங்களில் வாசித்து முடித்துச் சான்றிதழோடு திரும்புகிறோம். அவையில் எழுந்த வினா கட்டுரையைத் திருத்தியதா என்பதை எவரும் கேட்பதில்லை. நூலை அவையில் அரங்கேற்றிய பின்னரே உலவவிட்ட மரபுடைய நமக்கு இது சற்று உறுத்தவே வேண்டும். ஜெர்மானியக் கணிதக் கருத்தரங்கு ஒன்றில் இதற்கு நேர்மாறான வழக்கம் இருந்தது. அதனைச் சற்று விரிவாகக் காண்போம்.

பெலிக்ஸ் க்ளைன் (1849-1925) தம் 23-ஆம் வயதில், 1872-இல், எர்லாங்கனில் பேராசிரியரானார். பின்னர் மியூனிக், லைப்சிக் எனப் பணியாற்றி, 1886-இல் கோட்டிங்கன் பல்கலைக்கழகம் வந்து சேர்ந்தார். சென்ற இடமெல்லாம் அவர் தம்முடன் கொண்டுசென்றது ஒரு வழக்கத்தை. கருத்தரங்கில் பேசிய மாணவர், தம் உரையின் சுருக்கத்தைத் தம் கைப்படவே குறிப்பேட்டில் எழுதிவைக்க வேண்டும். 1872 முதல் 1912 வரை இவ்வாறு சேர்ந்தவை 29 தொகுதிகள். பக்கங்கள் 8,000-க்கும் மேல். லைப்சிக்கில் 1885-86 குளிர்காலத்தில் இக்கருத்தரங்கிற்கு வந்த இளைஞர்களுள் ஒருவர், பிற்காலத்தில் பெரும்புகழ் பெற்ற டேவிட் ஹில்பர்ட்.

பேசும்போது கையசைவிலும் கரும்பலகையிலும் மறைந்துவிடும் இடைவெளிகள் எழுதும்போது மறைவதில்லை. நிறுவலில் ஒரு படி விடுபட்டிருந்தால் தாள் அதைக் காட்டிக்கொடுத்துவிடும். அடுத்த ஆண்டு வரும் மாணவர் முந்தையவர் விட்ட இடத்திலிருந்து தொடங்கவும் இக்குறிப்பேடு வழிசெய்தது.

இந்த ஏட்டிற்கு இன்னொரு சிறப்பும் உண்டு. பிரஷ்யப் பல்கலைக்கழகங்கள் பெண்களை முறையான மாணவராகச் சேர்த்துக்கொண்டது 1908-இல்தான். அதற்குப் பதினைந்து ஆண்டுகள் முன்னரே, 1893-இல், அமைச்சகத்தின் தனி இசைவுடன் மூன்று பெண்கள் கோட்டிங்கன் வந்தனர். இங்கிலாந்தின் கிரேஸ் சிஷோமும் அமெரிக்காவின் மேரி வின்ஸ்டனும் கணிதம் பயில வந்தவர்கள். மற்றோர் அமெரிக்கரான மார்கரெட் மால்ட்பி இயற்பியலுக்கு வந்தவர். சிஷோம் படித்த கேம்பிரிட்ஜோ, பெண்களுக்கு முழுமையான பட்டம் வழங்க 1948 வரை காத்திருந்தது!

வின்ஸ்டன் வந்த முதற்பருவத்திலேயே க்ளைனின் கருத்தரங்கில் உரை நிகழ்த்தினார். பொருள், ஹைப்பர்ஜியோமெட்ரிக் சார்பு. அதே பொருளில் அவர் எழுதிய சிறு கட்டுரை 1895-இல் 'மாத்தமேட்டிஷே அன்னாலன்' இதழில் வெளிவந்தது. சிஷோம் அதே 1895-இல் முனைவர் பட்டம் பெற்றார். வின்ஸ்டன் தேர்வில் வென்றும் ஆய்வேடு அச்சாகும்வரை காத்திருக்க நேர்ந்தது. கணிதக் குறியீடுகளை அச்சுக்கோக்க வல்ல அச்சகம் அமெரிக்காவில் அவருக்குக் கிட்டவில்லை. இறுதியில் கோட்டிங்கனிலேயே அச்சிட்டு, 1897-இல் பட்டம் பெற்றார்.

இனி 1918-க்கு வருவோம். ஐன்ஸ்டைனின் பொதுச் சார்பியலில் ஆற்றல் அழியாமை விதி எவ்வாறு நிற்கும் என்னும் வினா ஹில்பர்ட்டையும் க்ளைனையும் வாட்டிக்கொண்டிருந்தது. இவ்விருவரின் அழைப்பால் 1915-இல் கோட்டிங்கன் வந்தவர் எம்மி நோய்தர். பெண் என்பதால் விரிவுரையாளர் தகுதி மறுக்கப்பட்டு, ஹில்பர்ட்டின் பெயரில் அறிவிக்கப்பட்ட வகுப்புகளை ஊதியமின்றி நடத்திவந்தார்.

1918 ஜூலை 23 அன்று கோட்டிங்கன் கணிதச் சங்கத்தில் நோய்தர் தம் முடிவுகளை எடுத்துரைத்தார். தொடர்ச்சியான சமச்சீர்மை ஒவ்வொன்றுக்கும் மாறாத அளவு ஒன்று உண்டு என்பது அவற்றின் ஒரு பகுதி. இயற்கையின் விதி நேற்றும் இன்றும் ஒன்றேயெனின், ஆற்றல் அழியாது என்பது தானே பெறப்படும். மூன்று நாள் கழித்து, ஜூலை 26 அன்று, அக்கட்டுரை அரச அறிவியல் கழகத்தின் முன் வைக்கப்பட்டது. வைத்தவர் க்ளைன். உறுப்பினரல்லாத நோய்தருக்கு அங்கே அவ்வுரிமை இல்லை.

ஆயினும் கட்டுரை அத்துடன் முடிந்துவிடவில்லை. இறுதி வடிவம் செப்டம்பர் இறுதியில்தான் அளிக்கப்பட்டது. பேசிய பிறகும் இரண்டு மாதம் அது செப்பம் பெற்றிருக்கிறது! 1919-இல் விரிவுரையாளர் தகுதியை அவருக்குப் பெற்றுத்தந்ததும் இக்கட்டுரையே. இன்றைய இயற்பியல் நூல்களில் 'நோய்தர் தேற்றம்' இல்லாமல் அடிப்படைப் பாடமே இல்லை.

யார் பேசலாம் என்பதை அன்று அரசும் கழகமும் முடிவுசெய்தன. பேசியது நிலைக்குமா என்பதைப் பேசியவரின் எழுத்தே முடிவுசெய்தது. நம் துறைகளிலும் ஒரு குறிப்பேடு வைக்கலாம். கட்டுரை வாசித்த மாணவர், அவையின் வினாக்களையும் தாம் திருத்திக்கொண்டதையும் ஒரு வாரத்திற்குள் இரண்டு பக்கம் எழுதிவைக்கட்டும். சான்றிதழை அதன் பிறகு கொடுக்கலாம்.